வெளிநாட்டில் செய்விக்கும் பொருளை வன்னியில் செய்யத் திட்டமிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வி பதில் யாருக்கு உரியது?

வன்னியைச் சேர்ந்தவர்கள் நடத்தும், ஆனால் தம் பொருளை வெளிநாட்டில் ஒப்பந்தத்துக்குச் செய்வித்துக் கொழும்புத் துறைமுகத்தில் இறக்கிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களுக்கு ஏற்றி வந்து விற்கும் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு உரியது. போர் முடிந்து ஏ9 வீதி முழுமையாகத் திறந்த பின்னர் இப்படித் தொடங்கிய நிறுவனங்கள் பல. அவற்றின் உரிமையாளர்களும், புலம்பெயர் நாடுகளில் உள்ள அவர்களுடைய பங்காளிகளும், “இனி இதை நம்முடைய ஊரிலேயே செய்தால் என்ன?” என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அது கோயம்புத்தூரில் இரண்டு பொருள்களைச் செய்விக்கிறது. ஒன்று, மீன்பிடிப் படகுகளிலும் மீன் வாடிகளிலும் பயன்படும் பெரிய பிளாஸ்டிக் ஐஸ் பெட்டி. மற்றையது, சொட்டுநீர்ப் பாசனக் குழாய்களைப் பொருத்தும் எல்போ, வால்வு போன்ற சிறு இணைப்புகள்.

திரும்பி வருவதற்குச் சரியான காரணம் எது?

கூலி மலிவு என்பது சரியான காரணம் அன்று. தனியார் துறையின் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதன்மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் தொழில்தருநர் கட்ட வேண்டும். 15 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு நிறைந்தவருக்கு, அவர் வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் சேரும். பழகிய இயந்திர இயக்குநர் ஒருவர் மணிக்கு எத்தனை நல்ல பொருள் எடுக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தொடக்க ஆண்டுகளில் கோயம்புத்தூரின் கூலிக்கணக்கை வன்னி வெல்வது கடினம்.

பொருளின் தன்மைக்குள்ளேயே காரணம் இருக்க வேண்டும். ஏற்றி வரச் செலவு மிகுந்த பொருள், வாங்குபவர் அடிக்கடி மாற்றம் கேட்கும் பொருள், பழுது பார்க்க ஆலை பக்கத்தில் இருக்க வேண்டிய பொருள், மூலப்பொருளே இங்கு கிடைக்கும் பொருள் ஆகிய நான்கில் ஒன்றிலாவது அது அடங்க வேண்டும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை அமைந்த இடம் கடைசி வகைக்கு நல்ல சான்று: ஆனையிறவு உப்பளம் அருகில் இருந்ததால்தான் உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் ஆலை அங்கு வந்தது. 1980களின் நடுப்பகுதியில் போரால் அது நின்றுபோனது என்பது வேறு கதை; இடத்தைத் தேர்ந்த கணக்கு பிழையானதன்று.

ஊர்ப்பற்றும் ஒரு காரணம்தானே என்று கேட்பார்கள். முதலீட்டாளர் பொறுமையாக இருக்க அது உதவும். விலைப்பட்டியலில் அதற்கு இடமில்லை.

செலவை எப்படி ஒப்பிடுவது?

ஆலைவாசல் விலையை ஆலைவாசல் விலையோடு ஒப்பிடுவதே வழக்கமாக நடக்கும் தவறு. பொருள் கிளிநொச்சிக் களஞ்சியத்தில் விற்பனைக்கு ஆயத்தமாக நிற்கும் வரை ஆகும் முழுச் செலவையே இரு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். கப்பற்கூலி, காப்புறுதி, சுங்கத் தீர்வை, 18 சதவீத பெறுமதி சேர் வரி முன்கூட்டியே முடங்குவதால் ஏற்படும் வட்டி, துறைமுகத் தாமதக் கட்டணம், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 330 கிலோமீற்றர் லொறிக் கூலி, பழுதான தொகுதியைத் திருப்பி அனுப்ப முடியாமல் எறிந்த நட்டம், இரண்டு மூன்று மாதச் சரக்கைச் சேர்த்து வைக்க வேண்டியிருப்பதால் முடங்கும் பணம் ஆகிய அனைத்தும் அந்தக் கணக்கில் வரும்.

எடுத்துக்காட்டு நிறுவனத்தின் இரு பொருள்களும் இங்குதான் பிரிகின்றன. நாற்பதடிக் கொள்கலன் ஒன்றின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 67 கன மீற்றர். இருநூறு லீற்றருக்கு மேற்பட்ட ஐஸ் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்காதவை. சுவருக்குள் நுரை நிரப்பியவை. ஆகவே நூற்றுச்சொச்சம் பெட்டிகளோடு கொள்கலன் நிறைந்துவிடும், பாரமோ அனுமதித்த அளவில் சிறு பங்கே இருக்கும். நிறுவனம் உண்மையில் காற்றுக்குக் கப்பற்கூலி கட்டுகிறது. அதே கொள்கலனில் எல்போக்களை மூட்டையாகக் கட்டினால் இலட்சக்கணக்கில் அடங்கும். ஒன்றுக்கு விழும் கூலி சில சதமே. முதலாவது வீட்டுக்கு வரத் தகுந்தது. இரண்டாவது, கணக்கு மட்டும் பேசினால், இருக்கும் இடத்திலேயே இருக்கலாம்.

நாணய ஆபத்து நீங்கிவிடும் என்ற எண்ணத்தையும் இங்கே சோதிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குத் தாவியபோது இறக்குமதி செய்து விற்றவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். ஆனால் பொலித்தீன், பீவீசி ஆகியவற்றின் மூலக் குருணை இலங்கையில் உற்பத்தியாவதில்லை. பெட்டியை முல்லைத்தீவில் வார்த்தாலும் குருணைக்கு டொலரிலேயே பணம் போகும். விலையில் டொலரின் பங்கு குறையுமே தவிர மறையாது.

எல்லாப் பொருள்களையும் ஒரேயடியாகக் கொண்டுவர வேண்டுமா?

வேண்டாம். ஒரு பொருள், ஒரு இயந்திரம், ஒரு வேளைமுறை (ஷிப்ட்) என்று தொடங்குவது நல்லது.

அச்சுகள் எங்களுடையவைதானே? எடுத்து வருவதில் என்ன சிக்கல்?

பெரும்பாலான திட்டங்கள் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அச்சு என்பது பிளாஸ்டிக்குக்கு உருவம் தரும் உலோகக் கருவி. அதற்கான பணத்தை நீங்கள் கட்டியிருந்தாலும், அது தனிச் சிட்டையாகக் கட்டப்பட்டதா, பொருளின் விலையில் சிறிது சிறிதாகச் சேர்க்கப்பட்டதா என்பதைப் பொறுத்தே உரிமை நிற்கும். இரண்டாவது முறையில் கட்டிய பலருக்கு, அச்சு தம்முடையது என்று காட்ட ஒரு துண்டுத் தாளும் இராது. ஆகவே முதல் வேலையாக, இடமாற்றப் பேச்சையே எடுக்காமல், வழமையான கணக்காய்வு என்ற வகையில் ஒரு சொத்துப் பட்டியலை ஒப்பந்ததாரரிடம் கேட்டுக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வோர் அச்சின் இலக்கம், குழிகளின் எண்ணிக்கை, உருக்கின் வகை, எடை, இதுவரை அடித்த அடிகளின் எண்ணிக்கை ஆகியவை இருக்க வேண்டும். அச்சின் பக்கவாட்டில் உரிமையாளர் பெயர் பொறித்த தகடு ஒன்று திருகப்பட்டிருக்க வேண்டும். புகைப்படமும் வேண்டும்.

அடுத்தது, அச்சோடு சேர்ந்து வர வேண்டியவை. எல்போ போன்றவற்றை உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்திச் செய்யும் உட்செலுத்து வார்ப்புக்கான அச்சு கனத்த உருக்குக் கட்டி. சிறியது நூற்றுக்கணக்கான கிலோ, பெரியது தொன் கணக்கு. அது எந்த இயந்திரத்தில் ஓடியதோ அதன் பூட்டு விசைக்கும் (அச்சை மூடிப் பிடிக்கும் விசை) தட்டின் அளவுக்கும் பொருந்தியே வெட்டப்பட்டிருக்கும். ஆகவே இங்கு வாங்கும் இயந்திரத்தை அச்சு தீர்மானிக்க வேண்டும். இயந்திரத்தை முதலில் மலிவாக வாங்கிவிட்டு அச்சை அதற்குள் திணிக்கப் பார்ப்பது வீண். வரைபடங்கள், ஓட்டும்போது வைத்திருந்த வெப்பம், அழுத்தம், குளிர்விக்கும் நேரம் ஆகியவற்றின் அமைப்புத் தாள், கழன்று தேயும் ஊசிகளின் மாற்றுத் தொகுதி ஆகியவை இல்லாமல் வந்த அச்சு பாதி அச்சே. புறப்படுமுன் உங்கள் ஆள் ஒருவர் அங்கு நின்று, அடித்த கடைசிப் பொருள்களில் சிலவற்றைக் கையொப்பமிட்டு முத்திரையிட்டு எடுத்து வர வேண்டும். இங்கு அடிக்கும் முதற் பொருள் அவற்றோடுதான் ஒப்பிடப்படும்.

பிளாஸ்டிக் தூளிட்டுச் சூட்டில் சுழற்றி ஐஸ் பெட்டி செய்யும் சுழல் வார்ப்பு அச்சு இதற்கு மாறானது. அது பெரும்பாலும் தகட்டில் கட்டியது, பாரம் குறைந்தது, நெளிந்தால் நம்மூர் ஒட்டுத் தொழிலாளியே திருத்தக்கூடியது. பெட்டியை முதலில் கொண்டுவரச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

சுங்க வகைப்படுத்தலில் அச்சுகள் 8480ஆம் தலைப்பின்கீழ் வரும். பழைய இயந்திரம் கொண்டுவருவதாயின், கப்பலேற்றுமுன் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். துறைமுகத்தில் நின்று கேட்பது மிகச் செலவான கேள்வி.

காணி பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வன்னியில் காணி தாராளமாக இருப்பது போலத் தோன்றும். தொழிற்சாலை கட்டத் தகுந்த, வங்கி ஏற்கும் காணி அவ்வளவு தாராளமாக இல்லை.

குடியேற்றத் திட்டங்களில் வழங்கப்பட்ட காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவை. மக்கள் ‘பெர்மிட் காணி’ என்று சொல்லும் இவற்றைப் பிரதேச செயலாளரின் ஒப்புதல் இன்றிக் கைமாற்ற முடியாது. பயிருக்கும் குடியிருப்புக்கும் என்று கொடுத்த காணியில் ஆலை எழுப்புவது அனுமதி நிபந்தனையையே மீறும். உள்ளூர்ச் சாட்சிகளோடு எழுதிய வெள்ளைத் தாள் உடன்படிக்கையை நம்பி அத்திவாரம் வெட்டுபவர்களை இன்னும் காண முடிகிறது. வயற்காணியாயின் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் குறுக்கே வரும். அனுமதியின்றி அதை நிரவக் கூடாது. இடம்பெயர்வுக் காலத்தில் பற்றை மண்டிய காணிகளில் வனத் திணைக்களத்தின் எல்லைக் கல் விழுந்திருக்கிறதா என்று நில அளவையாளரோடு நடந்தே பார்க்க வேண்டும்.

மிதிவெடி பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. வெடிகளை அகற்றி முடிக்க அதன்படி உள்ள காலக்கெடு 2028 யூன். முகமாலை போன்ற பகுதிகளில் வேலை நீண்ட காலம் நடந்திருக்கிறது. பார்க்கும் காணி அகற்றி ஒப்படைக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறதா என்பதற்கான பத்திரத்தை, ஆழமாகத் தோண்டும் எந்த வேலைக்கும் முன் கையில் வைத்திருங்கள். வேலியருகே மாடு மேய்கிறது என்பது சான்று ஆகாது.

புலம்பெயர்ந்த பங்காளிகள் உள்ள நிறுவனம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவரும், வெளிநாட்டுப் பங்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனியும் பொதுவாகக் காணியை விலைக்கு வாங்க முடியாது, குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை பெற்றவர் இலங்கைக் குடிமகனாகவே கொள்ளப்படுவார். கனடாக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் தம்பியின் பெயரில் பாதிக்கு மேற்பட்ட பங்கை எழுதிவிட்டுப் பிறகு உறுதி எழுதப் போனால் நொத்தாரிசு திருப்பி அனுப்புவார்.

இவற்றைத் தவிர்க்க விரும்புவோர் கைத்தொழில் பேட்டைகளை விசாரிக்கலாம். மாங்குளம், பரந்தன், காங்கேசன்துறை ஆகிய இடங்களில் முதலீட்டு வலயங்கள் அமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. வலயத்தின் அறிவிப்பு ஒன்று, வாசலுக்கு மின்னும் தண்ணீரும் வந்த துண்டுக் காணி இன்னொன்று. திட்டத்தில் எழுதத் தகுந்தது இரண்டாவதே.

மின்சாரமும் தண்ணீரும் போதுமா?

எந்தத் தொழிலுக்கு என்று கேட்க வேண்டும். மின் துண்டிப்பு ஐந்து நிமிடம் என்றால் தையல் ஆலை ஐந்து நிமிடத்தை இழக்கும். உட்செலுத்து வார்ப்பில், துண்டிப்பு நீண்டால் உருளைக்குள் உருகி நின்ற பிளாஸ்டிக் அங்கேயே இறுகும். மறுபடி சூடேற்றி, கழிவைத் தள்ளி, நல்ல பொருள் வரும் நிலைக்குக் கொண்டுவர நெடுநேரம் பிடிக்கலாம். பீவீசியாயின் இன்னும் மோசம்: வெப்பத்தில் நின்றால் அது கருகி ஐதரசன் குளோரைட்டு வாயுவை விடும், திருகையும் உருளையையும் அரிக்கும். மின்பிறப்பாக்கி தானாக ஏற்கும் ஒழுங்கு இல்லாமல் பீவீசி வேலையை இங்கு தொடங்கக் கூடாது என்பது எமது உறுதியான கருத்து. சுழல் வார்ப்பு அடுப்பு எரிவாயுவிலோ டீசலிலோ எரியும்; சுழற்றும் மோட்டாருக்கு மட்டும் சிறு மின்பிறப்பாக்கி போதும்.

தண்ணீரில் அளவைவிடத் தன்மையே இங்கு சிக்கல். குழாய்க்கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு அச்சின் குளிர்விப்புத் துளைகளிலும் படியும். துளை ஒடுங்க ஒடுங்கக் குளிரும் நேரம் நீளும், பொருள் கோணும், காரணம் தெரியாமல் இயந்திரத்தைத் திருகிக்கொண்டிருப்பார்கள். மென்மையாக்கிய நீரை மூடிய சுற்றில் சுழலவிடுவது இதற்குத் தீர்வு. நீரும் மிகக் குறைவாகவே செலவாகும், பக்கத்துத் தோட்டக்காரரின் கிணற்றோடு போட்டியும் வராது. இரணைமடுத் தண்ணீரை யாருக்குக் கொடுப்பது என்று எழுந்த வாதத்தைக் கண்ட மாவட்டத்தில், ஆலை ஒன்று நிலத்தடி நீரை இறைக்கிறது என்ற பெயரெடுப்பது நல்லதன்று.

ஆட்கள் கிடைப்பார்களா?

உழைக்க வருவோர் கிடைப்பார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் இயங்குவதால், காலையில் பேருந்து ஏறி வேளைமுறைக்கு வரும் பழக்கம் ஊர்களில் உண்டு; அதே காரணத்தால் அவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு சம்பளமும் உண்டு. குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் வன்னியில் பலர் என்பதால், பிள்ளை பாடசாலை விடும் நேரத்தை அறிந்து வேளைமுறை அமைக்கும் நிறுவனத்தில் ஆட்கள் நிலைப்பார்கள். பெண்களை இரவு 10 மணிக்குப் பின் வேலைக்கு அமர்த்தத் தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி தேவை.

கிடைக்காதவர், அச்சைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் உள்ளன. அங்கு படித்த இருவரை ஆலை திறக்கும் முன்பே எடுத்துக் கோயம்புத்தூர் ஒப்பந்ததாரரின் தளத்தில் சில மாதம் நிற்க விடுவதற்கு ஆகும் செலவு, முழுத் திட்டத்திலும் மிகப் பயனுள்ள செலவாக இருக்கும்.

என்னென்ன அனுமதிகள் வேண்டும்?

கட்டடத்துக்குப் பிரதேச சபையின் அனுமதி, 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ்த் தொழில் திணைக்களத்தில் பதிவு, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ்ச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் ஆகியவை அடிப்படை. உரிமத்தைத் தொழிலின் வகையைப் பொறுத்து மத்திய சுற்றாடல் அதிகாரசபையோ உள்ளூராட்சி மன்றமோ வழங்கும். பெட்டிக்குள் நுரை நிரப்பும் வேலை இருப்பதால் அந்த இரசாயனங்களின் களஞ்சியத்தையும் விண்ணப்பத்திலேயே காட்டிவிடுவது நல்லது.

பழைய ஒப்பந்ததாரரிடம் எப்போது சொல்வது?

சொத்துப் பட்டியல் கையொப்பமான பிறகு, அச்சு புறப்படும் முன். அதற்கு முந்தினால் அச்சு மறைந்துபோகலாம், பிந்தினால் உறவு கெடும். சிறு இணைப்புகளை அவரிடமே தொடர்ந்து செய்விப்பதாயின் பேச்சு இலகுவாகும். முழுவதையும் பறிப்பவரிடம் யாரும் அமைப்புத் தாளைக் கொடுக்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் உள்ள அறிவித்தற் காலத்தையும், உங்களுக்கென்று அவர் வாங்கி வைத்த குருணைக்கும் அட்டைப் பெட்டிக்கும் யார் பணம் கட்டுவது என்பதையும் முன்னரே பார்த்து வையுங்கள்.

எந்த மாதத்தில் மாற்றுவது?

நாட்காட்டியைச் சந்தை தீர்மானிக்கும். வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கனக்கும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்டதை மறந்து அந்த மாதங்களில் அத்திவாரமோ இயந்திர இறக்கமோ வைக்கக் கூடாது. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் காலபோக அறுவடை. கட்டட வேலைக்கு ஆள் குறையும். எஞ்சுவது ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. அந்த இடைவெளியில் இயந்திரம் பூட்டி, சோதனை ஓட்டம் முடித்து, விற்பனைத் தரத்துக்கு வந்துவிட வேண்டும்.

அச்சு வழியில் இருக்கும் காலத்துக்கும் சோதனைக் காலத்துக்கும் சேர்த்து விற்பனைக்குப் போதுமான சரக்கைக் கடைசிக் கொள்வனவாக முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். 2023 நவம்பருக்குப் பின் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய் வாரக்கணக்கில் தாமதித்ததை நினைத்தால், ஐரோப்பாவிலிருந்து இயந்திரம் வாங்குவோர் இந்தச் சரக்கைத் தாராளமாகவே கணக்கிட வேண்டும்.

இங்கு செய்தால் ஏற்றுமதிச் சலுகை கிடைக்குமா?

இலங்கையில் செய்ததாக ஏற்கப்படும் அளவுக்கு இங்கு பெறுமதி சேர்ந்தால் கிடைக்கும். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் பொது விதி 35 சதவீத உள்நாட்டுப் பெறுமதி சேர்ப்பு. இந்தியாவில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி மட்டும் விற்பவர் இந்த எல்லையை எட்டாமல் போகலாம். ஆனால் ஏற்றுமதியை நம்பி ஆலை கட்ட வேண்டாம்: அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 2025 ஏப்ரலில் 44 சதவீதம் என்று அறிவித்த வரி அதே ஆண்டு ஓகஸ்டில் 20 சதவீதமாயிற்று. நான்கு மாதத்தில் இப்படி மாறும் எண்ணை வைத்துப் பத்தாண்டுக் கடன் எடுக்கலாகாது. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது உண்மை, எனினும் கொள்கலனுக்குக் கொழும்பே வழி.

பெரிய நிறுவனங்கள் இப்படித் திரும்பி வந்து வென்றிருக்கின்றனவா?

இரண்டு முடிவுகளும் உண்டு. அடிடாஸ் நிறுவனம் ஜேர்மனியின் அன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் தானியங்கிக் காலணி ஆலைகளைத் தொடங்கியது. 2020இல் அவற்றை மூடி, அந்தத் தொழில்நுட்பத்தை ஆசிய ஒப்பந்ததாரரிடம் கொண்டுபோனது. பட்டை முதல் பசை வரை தரும் துணைத் தொழில்கள் ஆசியாவில் இருக்க, இறுதி ஆலையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில் பயன் குறைந்தது என்பது எமது வாசிப்பு.

ஜெனரல் எலெக்ட்ரிக் 2012இல் ஒரு நீர் சூடாக்கியின் உற்பத்தியைச் சீனாவிலிருந்து அமெரிக்காவின் லூயிவில் நகருக்குக் கொண்டுவந்தது. பொருத்தும் தொழிலாளரும் வடிவமைப்பாளரும் ஒரே கூரையின்கீழ் இருந்து அதை மறுபடி வரைந்தபோது, 1,599 டொலருக்கு விற்றதை 1,299 டொலருக்கு விற்க முடிந்தது. அப்படியிருந்தும், விற்பனை போதாமல் 2016இல் அது நிறுத்தப்பட்டது. உற்பத்தி வீட்டுக்கு வந்ததால் பொருள் மலிவாகலாம். வாங்குபவர் பெருகுவது வேறு வேலை.

எந்தக் கட்டத்தில் திட்டத்தைக் கைவிடலாம்?

மூன்று இடங்களில் நட்டம் சிறிதாகவே திரும்ப முடியும். அச்சின் உரிமையை எழுத்தில் பெற முடியாதபோது; காணியின் பத்திரங்கள் வங்கியின் சட்டத்தரணியைத் தாண்டாதபோது; அச்சு வந்து சோதனை ஓட்டத்தில் கழிவு வீதம், ஒப்பந்ததாரரிடம் இருந்த வீதத்துக்கு அருகில் இறங்காதபோது. மூன்றாவது நிலையில் இயந்திரத்தை விற்றுவிட்டு அச்சை அதே கொள்கலனில் திருப்பி அனுப்பலாம். ஆகவே பெட்டியில் முழுப்போக விற்பனை ஒன்றைக் கண்டு தரத்தில் முறைப்பாடு இல்லை என்று உறுதியாகும் வரை, பழைய ஒப்பந்தத்தை முடித்துவைக்காமல் சிறு கட்டளை ஒன்றாவது ஒப்பந்ததாரரிடம் ஓடிக்கொண்டிருக்க விடுங்கள்.